நடந்துகொண்டே சொன்ன பதில்

காசிமாயனின் வலது கணுக்கால் மோசமான இடத்தில் ஒருநாளும் மடங்கியதில்லை. பாசி பிடித்த பாறை, ஓடைத் தண்ணீர், மழையில் ஊறிக் கிடக்கிற வேர் என்று மற்றவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குகிற இடங்களில் எல்லாம் அவர் ஒழுங்காக இறங்கிவிடுவார். விழுவதெல்லாம் நல்ல பாதையில்தான். தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கிற லயத்து வாசலில் விழுந்திருக்கிறார். போடி பஸ் ஸ்டாண்டில், சிமெண்டுத் தரையில், வெற்றிலை வாங்கிக்கொண்டு திரும்பும்போது விழுந்திருக்கிறார்.

ஆரம்பம் என்னவோ சாதாரணமானதுதான். எழுபத்து நாலாம் வருஷம், ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பு மும்முரமாக நடந்த நேரம். பச்சைக் காய் மூட்டையைத் தலையில் வைத்து, காய் உலர்த்துகிற ஸ்டோருக்கு ஏறிக்கொண்டிருந்தவர் ஒரு வேர்மேல் கால் வைத்தார். பாதம் உள்பக்கமாகப் புரண்டது. கணுக்கால் பப்பாளிக்காய் அளவுக்கு வீங்கியது. பதினைந்து நாள் படுக்கச் சொன்னார்கள். அவர் மூன்றாம் நாளே துணியைச் சுற்றிக்கொண்டு மூட்டை தூக்கப் போய்விட்டார். வீக்கம் வற்றியது, வலியும் போனது. ஆனால் அதற்கப்புறம் அந்த மூட்டு தன் வேலையைத் தானே பார்ப்பதில்லை. மற்றவர்களுக்குக் கால் தானாக நடக்கும். காசிமாயன் தன் காலைக் கூடவே இருந்து கூட்டிப் போக வேண்டும்.

இதை முதலில் கவனித்தது அவர் மனைவி சுருளியம்மாள். அவளுக்கு வாய் ஓயாது. நடந்தால் பேச வேண்டும், பேசினால் பதில் வேண்டும். போடிக்கு இறங்கும்போது, "மாமா, போன வருசம் தேவாரம் ஊருத் திருவிழாவுக்கு நம்ம என்ன கிழமை போனோம்?" என்று கேட்பாள். அவர் செவ்வாயா புதனா என்று யோசிப்பார். அந்த யோசனையிலேயே கால் பக்கவாட்டில் சாய்ந்து ஆள் கீழே கிடப்பார்.

"நான் வாயத் தொறந்தா நீ விழுற. என்ன கணக்கு இது?" என்று அவளே ஒருநாள் கேட்டாள்.

பக்கத்து வீட்டுச் சோலைக்கு அது நல்ல வேடிக்கையாகிப் போனது. "மாப்ளே, எல்லாருக்கும் காது தலையில இருக்கும். ஒனக்கு மட்டும் கால்ல இருக்கு" என்பான்.

போடியில் முட்டை வெள்ளைக்கருவும் உளுந்த மாவும் குழைத்துக் கட்டுப் போடுகிற எலும்பு வைத்தியர் ஒருவரிடம் போனார்கள். அவர் காலைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, வாசலில் நடக்கச் சொன்னார். காசிமாயன் நன்றாகவே நடந்தார்.

"சரி, இப்ப ஒங்க மாமன் மச்சினன் பேரையெல்லாம் மூத்தவுகள்ல இருந்து வரிசையாச் சொல்லிக்கிட்டே நடங்க."

காசிமாயன் சொல்லிக்கொண்டே நடந்தார். மூன்று பேர் வரை சரியாக வந்தது. நாலாவது பேருக்கு, கோட்டைச்சாமி மூத்தவனா ஜக்கையன் மூத்தவனா என்று ஒரு சந்தேகம் வந்தது. கால் மடங்கிவிட்டது. வைத்தியர் பக்கத்திலேயே வந்ததால் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

"கட்டுப் போட்டா கொஞ்சம் தாங்கும். ஆனா நெனப்பு வேற எடத்துக்குப் போயிருச்சுன்னா இந்தக் கால் அநாதைதான். நடக்குறப்ப நடங்க. பேசுறதுன்னா நின்னு பேசுங்க" என்றார்.

அன்றிலிருந்து காசிமாயன் அப்படியே செய்தார். யாராவது கேட்டால் நிற்பார், இரண்டு காலையும் ஊன்றிக்கொள்வார், பதில் சொல்வார், பிறகு நடப்பார். தெரியாதவர்கள் அவரைக் கர்வம் பிடித்த ஆள் என்றார்கள். விழுவது குறைந்தது. இதில் இன்னொரு வசதியும் இருப்பது போகப் போகத்தான் அவருக்குத் தெரிந்தது. பதில் சொல்லப் பிடிக்காத கேள்வி வந்தால், எழுந்து நடக்க ஆரம்பித்தால் போதும். "நடக்குறேன்ல, அப்புறம் பேசுவோம்." அந்த அப்புறம் வராது.

பதில் சொல்லப் பிடிக்காத கேள்வி ஒன்றே ஒன்றுதான். தேவாரத்தில் இருந்த சுருளியம்மாளின் தங்கை, ஒரு பெண் குழந்தையை விட்டுவிட்டுக் காய்ச்சலில் இறந்துபோனாள். குழந்தை பெயர் பொன்னுமணி. அப்பன் வேறு கல்யாணம் செய்துகொண்டான். பிள்ளை அத்தை வீட்டில், சோறு போட்டாலும் முகம் கொடுக்காத வீட்டில் வளர்ந்தது. காசிமாயனுக்கும் சுருளியம்மாளுக்கும் பதிமூன்று வருஷமாகப் பிள்ளை இல்லை.

"பொன்னுமணிய இங்க கூட்டியாந்துருவமா மாமா?" இரண்டு வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிடும்போது கேட்டால் பாதிச் சோற்றோடு எழுந்து அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அடுத்தவன் பிள்ளைக்குக் கஞ்சி ஊற்ற மனசு இல்லை என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். அது அவர் காதிலும் விழுந்தது.

அவருக்குப் பிள்ளை மேல் வெறுப்பு இல்லை. பயம். அந்த மலைப் பாதையில் சின்னப் பிள்ளைகளைத் தோளில்தான் ஏற்றி வருவார்கள். தோளில் ஏறிய பிள்ளை சும்மா வராது. அது என்ன பறவை, இது ஏன் சிவப்பாக இருக்கிறது, அந்தப் புகை எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டே வரும். பிள்ளை கேட்டால் யார்தான் பதில் சொல்லாமல் இருக்க முடியும்? மலையடிவாரத்து முந்தலுக்கு இறங்குகிற வழியில் இடது பக்கம் வெறும் பள்ளமாக இருக்கிற ஒரு வளைவு உண்டு. அந்த இடத்தில் பிள்ளை ஏதோ கேட்பதும், தான் பதில் சொல்வதும், அதற்கப்புறம் நடப்பதும் அவர் மனசில் எத்தனையோ தடவை ஓடிவிட்டது. ஐம்பது கிலோ மூட்டை தூக்குகிறவன், நாலு வயசுப் பிள்ளையைத் தூக்கப் பயமாக இருக்கிறது என்று யாரிடம் சொல்வது?

எழுபத்தொன்பதில், தீபாவளிக்கு மறுநாள் காலை, விறகு பொறுக்கப் போன சுருளியம்மாள் ஒரு காலை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். இடது புறங்காலில் இரண்டு பல் தடம்.

"விரியன். கட்டைக்கு அடியில கெடந்துச்சு. நான் பாக்கல மாமா."

லயத்து ஆண்கள் முக்கால்வாசிப் பேர் தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். மூன்று நாள் மழையில் ரோட்டில் மண் சரிந்து ஜீப்பும் வரவில்லை. இருந்தது காசிமாயன், சோலை, இளைப்பு நோயால் பத்தடி நடந்தாலே உட்கார்ந்துவிடுகிற காவல்காரர் மொக்கையன். அவர்தான் காலில் துணியைக் கட்டி, சுருளியம்மாள் வாயில் நாலு மிளகைப் போட்டார்.

"மெல்லு. உறைக்குதா ஆத்தா?"

"மண்ணாட்டம் இருக்கு."

விஷம் ஏறியிருந்தால் மிளகு உறைக்காது என்பார்கள். மொக்கையன் முகம் மாறியது. "வெரசா எறக்குங்கப்பா. தூங்க மட்டும் விட்றாதீக. பேச்சுக் குடுத்துக்கிட்டே போங்க. கண்ணு சொருகுச்சுன்னா அம்புட்டுத்தான்."

கம்பளியை மூங்கிலில் கட்டி டோலி ஆக்கினார்கள். இறக்கத்தில் முன்னால் போகிறவன் உயரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருப்பவர் சறுக்கிவிடுவார். லயத்திலேயே உயரமானவர் காசிமாயன். பதினெட்டு வயசிலிருந்து எந்த டோலி இறங்கினாலும் முன்கம்பு அவர் தோளில்தான். கால் கெட்ட பிறகும் அதை அவர் விட்டதில்லை. டோலி தூக்கும்போது யாரும் அவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான். பின்கம்பு சோலைக்கு. பேச்சுக் கொடுப்பதற்குக் கருத்தம்மாள் கூட வந்தாள். லயத்தில் ஆறாவது வீடு, காய் மூட்டை சுமக்கிறவள், சுருளியம்மாளுக்கு நல்ல சிநேகிதி.

"ஏ சுருளி, நேத்து என்ன பலகாரம் சுட்ட?"

"ஒனக்குத் தெரியாதாக்கும். அதிரசம் அஞ்ச முழுங்கிட்டுப் போனவ நீதான."

"நாலுதான்டி."

"அஞ்சு. நான் எண்ணுனேன்."

சோலை சிரித்தான். காசிமாயன் சிரிக்கவில்லை. கண்ணைப் பாதையில் வைத்திருந்தார். கல், வேர், மண், கல். கால் சொன்னபடி கேட்டது.

ஒரு மைல் இறங்கியதும் சுருளியம்மாளின் பதில்கள் குட்டையாகிவிட்டன. கால் முழங்கால் வரை வீங்கிவிட்டது. கருத்தம்மாள் என்ன கேட்டாலும் "ம்" என்றாள். பிறகு அந்த "ம்" கூட இல்லை. திடீரென்று அவளாகவே கூப்பிட்டாள்.

"மாமா."

காசிமாயன் நடந்துகொண்டிருந்தார்.

"மாமா, பொன்னுமணியக் கூட்டியாரவா வேணாமா? இப்பச் சொல்லு. இப்பவும் எந்திரிச்சுப் போயிருவியா?"

"அண்ணே, பதிலச் சொல்லுங்கண்ணே" என்றாள் கருத்தம்மாள். "ஒங்ககிட்டப் பேசத்தான் கண்ணத் தொறந்திருக்கா."

"சுருளி, அது வந்து..." என்று காசிமாயன் ஆரம்பித்தார். என்ன சொல்வது என்று மனசு தேடப் போனது. கால் மடங்கியது.

வலது முழங்கால் கல்லில் அடித்தது. கம்பு தோளிலிருந்து கைக்கு நழுவி, டோலி பள்ளத்துப் பக்கமாக ஒரு வீச்சு வீசியது. "ஏ மாப்ளே! புடி! புடி!" என்று சோலை அலறிக்கொண்டே பின்னால் உட்கார்ந்து இழுத்தான். கருத்தம்மாள் கம்பளியை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தாள். கடிபட்ட கால் பாறையில் உரசி, சுருளியம்மாள் போட்ட சத்தம் எதிர்மலையில் கேட்டுத் திரும்பியது.

காசிமாயன் எழுந்து கம்பைத் தோளில் வைத்தார். ஒரு வார்த்தை பேசாமல் நடந்தார். கல், வேர், மண், கல். பின்னால் அவள் கூப்பிடுவது கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ யாரையோ கூப்பிடுகிற மாதிரி அதைத் தள்ளி வைத்துக்கொண்டார். கேட்டால் விழுவார். விழுந்தால் அவள் பள்ளத்தில். "மாமா" என்ற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. பிறகு நின்றுபோனது.

"ஏ சுருளி! ஏய்!" கருத்தம்மாள் கன்னத்தில் தட்டுவது கேட்டது. "அண்ணே, கண்ணு சொருகுது. நான் கூப்புட்டா காதுலயே வாங்க மாட்டேங்குறா. நீங்க ஒரு வார்த்த பேசுனாத்தான் ஆகும்."

காசிமாயன் நின்றார். நின்று பேசலாம். இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். அந்த நேரமெல்லாம் விஷம் ஏறும். நடந்துகொண்டே பேசினால் கம்பு விழும். வேறு வழி இருக்கிறதா என்று பார்த்தார். கம்பு தோளில் இருக்கும்வரை இல்லை.

"எறக்குங்க" என்றார். டோலியைத் தரையில் வைத்தார்கள். "கருத்தம்மா, நீ தோள் குடு."

சோலைக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன பேச்சுப் பேசுற மாப்ளே? பொம்பள தோள் குடுத்த டோலி திரும்பி ஊருக்கு வராதும்பாக. தெரிஞ்சே செய்யிறியா?"

"நாப்பது கிலோ மூட்டையத் தலையில ஏத்திவிடுறப்ப நான் பொம்பளைன்னு ஒருத்தருக்கும் ஞாபகம் வரல" என்றாள் கருத்தம்மாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கம்புக்கு அடியில் போய்க் குனிந்தாள். "தூக்குண்ணே, பேசிக்கிட்டு நிக்காம."

அவள் அவரை விட நாலு விரல்தான் குட்டை. டோலி எழுந்தது. வெறும் தோளோடு ஓரமாக நின்றபோது காசிமாயனுக்கு என்னவோ போல் இருந்தது. அந்தக் கம்பு இல்லாமல் அந்தப் பாதையில் அவர் ஒரு டோலியோடும் நடந்ததில்லை. தோளைத் தடவிக்கொண்டார். பிறகு சுருளியம்மாளின் தலைமாட்டுக்குப் பக்கத்தில், பள்ளத்துக்கு எதிர்ப்பக்கமாக நடக்க ஆரம்பித்தார். இனி விழுந்தால் அவர் மட்டும்தான் விழுவார்.

"சுருளி. ஏ புள்ள. இங்க பாரு, நான்தான். பக்கத்துலதான் வர்றேன். நீ கேட்டதுக்குப் பதில்..."

தொப்பென்று விழுந்தார்.

கம்பளிக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது. "விழுந்துட்டியா?"

"விழுந்துட்டேன்."

"பேசாம நட மாமா."

"இல்ல. பேசித்தான் நடக்கணும்." அவர் எழுந்து நொண்டிக்கொண்டே ஓடி வந்து சேர்ந்தார். "அந்தப் புள்ளைய நான் வேணாம்னு சொல்லல."

"வேணும்னு என்னைக்குச் சொன்ன?"

"பயமா இருந்துச்சு."

"எதுக்குப் பயம்? தேவாரத்துல யாரும் மெரட்டுனாகளா?"

"அதெல்லாம் இல்ல." ஒரு வேர் வந்தது. தாண்டினார். சொல்ல வந்தது அதற்குள் ஓடிவிடுமோ என்று அவசரமாகச் சொன்னார். "இம்புட்டுத் தூரம் தோள்ல ஏத்தித்தான வரணும். அது சும்மா வராது. அது என்ன, இது என்னன்னு கேட்டுக்கிட்டே வரும். நானும் பதில் சொல்லுவேன். சொல்றப்ப இந்தப் பாழாப்போன கால்..."

கால் அங்கேயே மடங்கியது. இந்தத் தடவை உள்ளே ஏதோ நறுக்கென்றது. கண்ணில் பூச்சி பறந்தது. டோலி தயங்குவதைப் பார்த்து, உட்கார்ந்தபடியே கத்தினார். "நிக்காதீக! போங்க, போங்க!"

காய்ந்த கிளை ஒன்று கிடந்தது. அதை ஊன்றி எழுந்து, ஒரு காலை இழுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். வளைவில்தான் பிடிக்க முடிந்தது. சுருளியம்மாளின் கண் திறந்திருந்தது. வானத்தைப் பார்த்தபடி ஏதோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் மாமா" என்றாள். "அந்தப் புள்ளைக்குக் காலு இல்லியா?"

"என்னது?"

"அஞ்சு வயசாகப் போகுது. தேவாரத்துத் தெருவுல ஓடிக்கிட்டுத்தான திரியிறா. அவள எதுக்கு நீ தோள்ல ஏத்தணும்? கையப் புடிச்சா நடந்து வர்றா."

காசிமாயன் கிளையை ஊன்றி யோசித்துக்கொண்டே நடந்தார். இரண்டு வருஷம் அந்த வளைவில் பிள்ளையோடு விழுந்துகொண்டே இருந்த மனசுக்கு, பிள்ளையைத் தோளிலிருந்து இறக்கிவிடலாம் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

பின்னால் சோலை மூச்சிரைக்க இரைக்கச் சிரித்தான்.

"சிரிக்காதண்ணே, கம்பு ஆடுது" என்றாள் கருத்தம்மாள்.

"ரெண்டு வருசமா இதையா நெஞ்சுல வச்சுக்கிட்டுத் திரிஞ்ச?" சுருளியம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. குரலிலும் தெம்பு வந்தது. "லயமே ஒன்னையக் கல்நெஞ்சுக்காரன்னு பேசுது. நானும் அப்பிடித்தான நெனச்சேன். எத்தன நாள் சுவத்தப் பாத்துப் படுத்து அழுதிருக்கேன் தெரியுமா? ஒரு வார்த்த... ஒரு வார்த்த சொல்றதுக்கு என்ன?"

"வெக்கமா இருந்துச்சு புள்ள."

"தூக்கிப் போடு ஒன் வெக்கத்த."

அதற்கப்புறம் முந்தல் வரைக்கும் அவள் திட்டிக்கொண்டே வந்தாள். கல்யாணத்தன்று அவர் கோபித்துக்கொண்டு உட்கார்ந்ததிலிருந்து ஆரம்பித்தாள். நடுவில் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள், ஒரு தடவை பேச்சு குழறியது. அப்போதெல்லாம் அவர் பழைய சண்டை எதையாவது எடுத்துக் கொடுத்தார். அவள் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டாள். ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் அவர் பதில் சொன்னார். எத்தனை தடவை விழுந்தார் என்பதில் இன்றுவரை வழக்குத் தீரவில்லை. சோலை ஏழு என்பான். கருத்தம்மாள், முன்னால் போன தனக்குப் பின்னால் நடந்தது தெரியாது, ஆனால் சத்தம் கேட்டது அஞ்சு தடவை என்பாள்.

முந்தலில் ஒரு லாரிக்காரர் ஏற்றிக்கொண்டார். போடி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். சாயங்காலம்தான் டாக்டர் வெளியே வந்து, பயமில்லை என்றார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த காசிமாயனின் காலைப் பார்த்துவிட்டு, இதை எது கடித்தது என்று கேட்டார். எலும்பு கீறல் விட்டிருந்தது. அவருக்கும் மாவுக்கட்டுப் போட்டார்கள்.

"தூங்க விடாம பேச்சுக் குடுத்துக்கிட்டே வந்தோம் சார்" என்றார் காசிமாயன், கொஞ்சம் பெருமையாக.

"தூக்கத்துக்கும் விஷத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைங்க" என்றார் டாக்டர். "தூங்கியிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. நடக்க விடாமத் தூக்கிட்டு வந்தீங்கல்ல, அதுதான் நல்ல காரியம்."

காசிமாயன் அதை வெகுநேரம் யோசித்தார். அப்படியானால் அவர் பேசியிருக்கவே வேண்டாம். கம்பைக் கொடுத்திருக்க வேண்டாம், அத்தனை தடவை விழுந்திருக்க வேண்டாம், இந்தக் கட்டும் வேண்டாம். வாயை மூடிக்கொண்டு முந்தல் வரை இறங்கியிருந்தாலும் அவள் பிழைத்திருப்பாள். பிழைத்து வந்து, மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டிருப்பாள். அவரும் அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார்.

கருத்தம்மாள் தோளில் கம்பு உரசிய இடம் கன்றிப்போயிருந்தது. அதில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, சுருளியம்மாளுக்கு இட்லி வாங்கப் போய்விட்டாள். சோலை மருந்துச் சீட்டோடு வெளியே போயிருந்தான். காசிமாயன் பெஞ்சைக் கட்டில் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சுருளியம்மாளின் இடது கால் தலையணைமேல் இருந்தது. தன் வலது காலை அதே தலையணையின் ஓரத்தில் தூக்கி வைத்துக்கொண்டார்.

"தேவாரத்துக்கு எப்பப் போற?" என்றாள் அவள்.

"வீக்கம் வத்தட்டும்."

"யாரு கால் வீக்கம்?"

காசிமாயன் இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாருக்கு முந்தி வத்துதோ, அவுக போகட்டும்."